ரேடியோ காயிலில் இருந்த கறுப்புத் துண்டு

வால்வு ரேடியோ பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு முத்தியால்பேட்டை அன்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக் பிளாஸ்டிக் திருப்புளியால் காயிலுக்குள் ஒரு கறுப்புத் துண்டைத் திருகித் திருகி ஸ்டேஷனைச் சரிசெய்வாரே, அது என்ன? கரியா, இரும்பா?"

இரும்புதான் என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்தத் துண்டின் பூர்வீகத்தைத் தேடப் போய், நான் மூன்று வாரம் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களுக்குள் இருந்துவிட்டேன். ரேடியோ காயிலில் தொடங்கியது நீர்மூழ்கிக் கப்பல் வரைக்கும் போய், கடைசியில் கைப்பேசியில் ஒட்டும் ஸ்டிக்கரில் வந்து நின்றது. பென்ஷன்காரனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் துண்டைப் பற்றி. பழைய செட்டுகளில் இருந்தது இரும்புத் துண்டு அல்ல, இரும்புப் பொடி. மாவை விட மெல்லிய பொடி. ஒவ்வொரு பருக்கைக்கும் பிசின் மாதிரி ஒரு மேல்பூச்சு கொடுத்து, அழுத்திக் கட்டியாக்கியது. பின்னால் வந்த செட்டுகளில் ஃபெரைட் என்ற பீங்கான் போன்ற பொருள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரும்பை ஏன் பொடியாக்க வேண்டும்? முழு இரும்பை வேகமாக மாறும் காந்தப் புலத்தில் வைத்தால் உள்ளே சுழல் மின்னோட்டம் ஓடும். இரும்பு சூடாகும், காயிலின் வேலை கெடும். பொடியாக்கி ஒன்றோடொன்று மின்சாரத் தொடர்பு இல்லாமல் செய்துவிட்டால் அந்தச் சுழல் ஒவ்வொரு பருக்கைக்குள்ளும் அடங்கிப் போகும். அலை எவ்வளவு வேகமோ, பருக்கை அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடக் கதையும் இதைச் சுற்றித்தான்.

இரும்பை அரைத்துப் பொடியாக்கலாம், அரத்தால் ராவலாம். ஆனால் சில மைக்ரான் அளவுக்கு, எல்லாம் உருண்டையாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக வேண்டுமென்றால் அது நடக்காது. நம் தலைமுடியின் தடிமனே எழுபது மைக்ரான் சொச்சம். அந்த அளவுப் பொடி ஆலையிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வந்தது. கேட்க வேடிக்கையாக இருக்கும்.

இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானியர் லுட்விக் மோண்ட் சோடா உப்புத் தொழிற்சாலை நடத்தியவர். அவருடைய ஆலையில் நிக்கல் வால்வுகள் அடிக்கடி அரித்துப் போயின. காரணம் தேடும்போது, நன்றாகப் பொடித்த நிக்கல் மீது கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கி இறந்தார்கள் என்று செய்தி படிக்கிறோமே, அந்தச் சனியன் பிடித்த வாயுதான் இது. விஷமாயிற்றே என்று, வெளியே வரும் வாயுவை ஒரு குழாய் முனையில் எரியவிட்டிருந்தார் உதவியாளர் கார்ல் லாங்கர். நீலமாக எரிய வேண்டிய சுடர் திடீரென்று பளிச்சென்று எரிந்தது. வாயு வரும் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கினார்கள். குழாயின் உட்புறத்தில் கண்ணாடிக்கு ரசம் பூசியது போல நிக்கல் படிந்தது. அதாவது, திடமான நிக்கல் அந்த வாயுவோடு கைகோத்து ஆவியாகி, சூடுபட்டதும் கையை விட்டுவிட்டு மறுபடி உலோகமாகிவிட்டது. இது 1890.

அடுத்த வருடமே, 1891இல், இரும்பும் அப்படி ஆவியாகும் என்று கண்டார்கள். மோண்ட் ஒரு பக்கம், பாரிஸில் மார்செலேன் பெர்த்தெலோ இன்னொரு பக்கம், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் தனித்தனியாக. எங்கள் ரசாயனப் பாடத்தில் பெர்த்தெலோவின் பெயர் வராத அத்தியாயமே கிடையாது. கல்வி அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் கூட இருந்தவர். அதனால் எனக்கு இந்த இடத்தில் அவரைப் பார்த்ததும் பழைய வாத்தியாரைக் கடைத்தெருவில் பார்த்த சந்தோஷம்.

நிக்கல் கார்போனைல் 43 டிகிரியில் கொதிக்கும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் அதை எட்டிப் பார்க்கும். இரும்பு கார்போனைல் 103 டிகிரியில் கொதிக்கும், மஞ்சள் நிறத் திரவம். இரண்டும் கொடிய விஷம். வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸி பக்கத்தில் கிளிடாக் என்ற ஊரில் மோண்டின் நிக்கல் ஆலை 1902இல் ஓடத் தொடங்கியது. அந்த வருடமே வாயு கசிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த விஷத்தின் சுபாவம் மோசமானது. சுவாசித்தவுடன் தலைவலி, மயக்கம் வரும். வெளிக்காற்றுக்கு வந்ததும் தெளிந்துவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவார்கள். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கட்டும். உலோகத்துக்குச் சிறகு முளைத்த கதையை எழுதும் பலரும் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். நான் சேர்த்தே எழுதுகிறேன்.

இரும்பு கார்போனைலைத் தொழிலாக்கியது ஜெர்மனி. ரைன் நதிக்கரையில் லுட்விக்ஸ்ஹாஃபன் ஊரில் உள்ள பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் என்ற ரசாயனர் குழு 1920களில் அதைச் செய்தது. முறை இதுதான். இரும்பின் மேல் மிக உயர்ந்த அழுத்தத்தில் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி அந்த மஞ்சள் திரவத்தை எடுப்பது. அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்வது. பிறகு ஆவியாக்கி, 250 முதல் 300 டிகிரி வரை சூடான உயரமான கோபுரத்துக்குள் விடுவது. ஆவி சிதைந்து, காற்றில் மிதந்தபடியே இரும்பு உருண்டைகள் உருவாகி மழையைப் போலக் கீழே விழும். வாயுவை மறுபடி பிடித்து அடுத்த நடைக்குப் பயன்படுத்துவார்கள். ஒரு உருண்டையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும்.

முதலில் இந்த மஞ்சள் திரவத்தையே பெட்ரோலில் கலந்து 'மொட்டாலின்' என்று விற்றுப் பார்த்தார்கள், எஞ்சின் தட்டாமல் ஓட. ஓடியது, ஆனால் ஸ்பார்க் பிளக்கில் துரு படிந்தது. திட்டம் படுத்துவிட்டது. பொடிக்குத்தான் நல்ல காலம் பிறந்தது. தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளின் சுருள்களுக்கும், பிறகு ரேடியோ காயில்களுக்கும் அது போயிற்று. அன்பர் கேட்ட கறுப்புத் துண்டின் குலம் கோத்திரம் இதுதான். இன்னொரு செய்தியும் உண்டு: இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும் அன்பர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் 'கார்போனைல் அயர்ன்' என்று போட்டிருக்கும். விஷம் எல்லாம் போய்ச் சுத்த இரும்பு மட்டும் மிஞ்சிய அதே பொடிதான், பயப்பட வேண்டாம்.

இனி யுத்தம்.

1935இல் பிரான்ஸின் 'நோர்மாந்தி' பயணிகள் கப்பலில் 16 சென்டிமீட்டர் அலையைக் கொண்டு எதிரே பனிப்பாறை இருக்கிறதா என்று பார்க்கும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். வலுவில்லாத கருவி, தூரம் எட்டவில்லை. ஆனாலும் வழி அதுதான். 1940 பிப்ரவரியில் பர்மிங்காமில் ராண்டல், பூட் என்ற இருவர் மாக்னெட்ரானைப் புது விதமாகச் செய்து 10 சென்டிமீட்டர் அலையைப் பெரும் சக்தியோடு உண்டாக்கினார்கள். அதே வருடம் மே மாதம், ஜெர்மன் டாங்கிகள் பிரான்ஸுக்குள் நுழையும் சமயத்தில், மொரிஸ் போந்த் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தங்கள் ஆய்வகத்தின் மாக்னெட்ரானை லண்டனுக்கு எடுத்துப் போய்க் கொடுத்தார். அதன் ஆக்சைடு பூசிய கேதோடு ஆங்கிலேயர் கருவிக்கு மிகவும் உதவியது. இதை ஆங்கிலப் புத்தகங்கள் அரை வரியில் சொல்லிவிட்டுப் போகும், பிரெஞ்சுப் புத்தகங்கள் நான்கு பக்கம் எழுதும். நியாயம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இன்று நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பதும் மாக்னெட்ரான்தான், அலை நீளம் 12 சென்டிமீட்டர்.

ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரான்ஸின் மேற்குக் கரையில், லோரியான், சேன்-நசேர், பிரெஸ்த் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. பாட்டரியை ஏற்ற இரவில் மேலே வர வேண்டும். அப்போது ஆங்கிலேய விமானங்கள் ஒன்றரை மீட்டர் அலை ராடாரால் தேடிப் பிடித்தன. அதற்கு மாற்றாக 1942 ஆகஸ்டிலிருந்து ஜெர்மானியர் 'மெத்தோக்ஸ்' என்ற கருவியைப் பொருத்தினார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் அது. சிலுவை மாதிரி மரச்சட்டத்தில் கம்பி கட்டிய ஆன்டெனா. ராடார் அலை பட்டால் காதில் சத்தம் கேட்கும், உடனே மூழ்கிவிடலாம். சில மாதம் பிழைத்தார்கள்.

1943 வசந்தத்தில் 10 சென்டிமீட்டர் ராடார் விமானங்களில் வந்தது. மெத்தோக்ஸின் காதுக்கு அந்த அலை கேட்கவே கேட்காது. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் விமானம் தலைக்கு மேல் வந்து நின்றது. மே மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகள் போயின. இத்தனைக்கும் அந்த வருடம் பிப்ரவரியில் ராட்டர்டாம் அருகே விழுந்த ஆங்கிலேய விமானத்திலிருந்து அதே வகைக் கருவி ஜெர்மானியர் கையில் கிடைத்திருந்தது. ஒரு இலாகாவுக்குத் தெரிந்தது பக்கத்து இலாகாவுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பது, கோப்புகளோடு வாழ்ந்த என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்கு நடுவில் பிடிபட்ட ஆங்கிலேய விமானி ஒருவர், மெத்தோக்ஸ் கருவியே கசியவிடும் அலையைப் பிடித்துத்தான் நாங்கள் வருகிறோம் என்று ஒரு கதை விட்டார். ஜெர்மானியர் அதை நம்பி மெத்தோக்ஸைக் கழற்றிப் போட்டார்கள்.

லோரியான் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் இளமையில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து லோரியான் நீர்மூழ்கித் தளத்தின் கான்கிரீட் கூரையைப் பற்றிச் சொல்வார். "குண்டு போட்டு ஊரே தரைமட்டமாச்சு தம்பி, அந்தக் கூரைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல" என்பார். ஜெர்மானியர் கட்டிய தளத்தை யுத்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் கடற்படை எடுத்துக்கொண்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்டோஸ்கோஃப் தளம். சொல்தா அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்வார், யார் என்று நான் கேட்டதில்லை. இப்போதுதான் படித்தேன். ழாக் ஸ்டோஸ்கோஃப் அல்சாஸ்காரர், கடற்படைப் பொறியாளர், ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆக்கிரமிப்பின்போது லோரியான் பட்டறையில் ஜெர்மானியரோடு நெருங்கிப் பழகினார். ஊரார் அவரைத் துரோகி என்றே நினைத்தார்கள். உண்மையில் எந்த நீர்மூழ்கி எப்போது வந்தது, எப்போது போனது, என்ன மாற்றம் செய்தார்கள் என்று ஒவ்வொன்றையும் எதிர்ப்பியக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1944 பிப்ரவரியில் கைதானார். அந்த வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி, அல்சாஸிலேயே இருந்த ஸ்ட்ரூத்தோஃப் முகாமில் கொல்லப்பட்டார். போர் முடிந்த பிறகுதான் ஊராருக்கு விஷயம் தெரிந்தது.

1944இல் நீர்மூழ்கிகளுக்கு 'ஷ்னோர்க்கெல்' என்ற மூச்சுக்குழாய் வந்தது. கப்பல் நீருக்குள்ளேயே இருக்கும், குழாயின் தலை மட்டும் வெளியே தெரியும். அந்தத் தலையையும் 10 சென்டிமீட்டர் ராடார், கடல் அமைதியாக இருந்தால், கண்டுபிடித்துவிடும். எனவே அதை ராடார் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய ஜெர்மானியர் போட்ட திட்டத்தின் பெயர் 'ஷோர்ன்ஷ்டைன்ஃபேகர்'. சிம்னி துடைப்பவன் என்று பொருள். பெயர் வைத்தவனுக்கு நகைச்சுவை உண்டு. கரிப்பொருளைப் பூசும் வேலை, குழாயோ சிம்னி மாதிரி.

இரண்டு வழிகளை எடுத்தார்கள். ஒன்று யௌமான் முறை. மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் தாள்களைப் பல அடுக்காக இடைவெளி விட்டு அடுக்குவது. மொத்தத் தடிமன் ஏழு சென்டிமீட்டருக்கு மேல். இரண்டாவது வெஷ் முறை. ரப்பரில் நம் இரும்புப் பொடியைக் கலந்து பாய் போலச் செய்து ஒட்டுவது. மேற்புறம் கட்டம் கட்டமாகப் பள்ளம் இருக்கும். தடிமன் எட்டு மில்லிமீட்டருக்குள்.

ஏன் ஒன்று ஏழு சென்டிமீட்டர், மற்றது எட்டு மில்லிமீட்டர்? இதுதான் விஷயத்தின் உயிர்நாடி. அலைக்கு இரண்டு பாகம் உண்டு, மின்புலம் ஒன்று, காந்தப்புலம் ஒன்று. அலை இரும்புத் தகட்டில் மோதித் திரும்பும்போது, தகட்டின் மேல் மின்புலம் செத்துப்போகும், காந்தப்புலமோ அங்கேதான் உச்சத்தில் இருக்கும். கரித்தாள் மின்புலத்தைத்தான் தின்னும். ஆகவே அது தகட்டை விட்டுக் கால் அலைநீளம் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் அலைக்கு அது இரண்டரை சென்டிமீட்டர், பல அடுக்கு என்றால் இன்னும் அதிகம். இரும்புப் பொடி காந்தப்புலத்தைத் தின்னும். அதன் சாப்பாடு தகட்டின் மேலேயே பரிமாறியிருக்கிறது, உரசிக்கொண்டே உட்காரலாம். தின்ற சக்தி எங்கே போகும்? சூடாகும், அவ்வளவே. ராடார் சக்தி மிகச் சொற்பம், கையில் தொட்டால் கூடத் தெரியாது.

வெஷ் பாய்க்கு ஒரு குறை. அது ஒரு குறிப்பிட்ட அலைக்கு, 10 சென்டிமீட்டருக்கு, அளவெடுத்துத் தைத்த சட்டை. நேச நாட்டார் 3 சென்டிமீட்டர் ராடாருக்கு மாறியதும் சட்டை பொருந்தவில்லை. மொத்தத்தில் யுத்தத்தின் போக்கை இது மாற்றவில்லை. நீர்மூழ்கிகளில் போன ஏறத்தாழ 40,000 பேரில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. பி.ஏ.எஸ்.எஃப். 1925இலேயே ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெரும் கூட்டு நிறுவனத்துக்குள் போய்விட்டிருந்தது. அந்த நிறுவனம்தான் ஆஷ்விட்ஸ் பக்கத்தில் கைதிகளை வைத்து ரப்பர் ஆலை கட்டியது. அதன் தலைவர்கள் 1947-48இல் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் நின்றார்கள். பலர் தண்டனை பெற்று, சில வருடங்களில் வெளியே வந்து, மறுபடி கம்பெனிகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இரும்புப் பொடியின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த வரலாற்றை எழுதும்போது அந்த நாற்காலிகள் என் கண்ணை உறுத்துகின்றன.

அதே காலத்தில் பிரான்ஸில் வேறொருவர் வேறு காரணத்துக்காக இரும்புப் பொடி செய்துகொண்டிருந்தார். லூயி நேயெல். ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்திலிருந்து ஜெர்மானியர் வருகையால் கிளம்பி, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கிரெனோபிளுக்கு வந்து சேர்ந்தவர். போரின் தொடக்கத்தில் காந்தக் கண்ணிவெடிகளிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களைக் காக்கும் வழி சொன்னவரும் அவரே. நல்ல நிரந்தரக் காந்தம் செய்யக் கோபால்ட்டும் நிக்கலும் வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் இரண்டுக்கும் பஞ்சம். அவருடைய யோசனை இது: இரும்பை மிக மிகச் சிறிய பருக்கையாக்கினால் ஒவ்வொரு பருக்கையும் தானே ஒரு முழுக் காந்தமாகிவிடும், அதற்குள் பிரிவுச் சுவர் எழும்ப இடம் இருக்காது. இரும்பு உப்பைச் சூடாக்கிச் சிதைத்து அந்தப் பொடியைச் செய்து காந்தமாக அழுத்தினார்கள்.

அந்தப் பொடியின் குணம் எனக்கு நேரிலேயே தெரியும். பள்ளியில் எங்கள் ரசாயன ஆசிரியர் இரும்பு ஆக்ஸலேட் என்ற மஞ்சள் தூளைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்குவார். கறுப்பானதும் ஜன்னல் கதவைச் சாத்தச் சொல்வார். இருட்டில் குழாயைக் கவிழ்ப்பார். விழும் பொடி காற்றுப் பட்டதும் மத்தாப்பு மாதிரி தானே தீப்பொறியாக உதிரும். 'ஃபேர் பிரோஃபோரிக்' என்பார், தானே எரியும் இரும்பு. கம்பியாக இருந்தால் வருடக் கணக்கில் துருப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு, பொடியானதும் ஒரு நொடியில் எரிந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் இன்று வரை எல்லாருடைய தலைவலியும் இதுதான்: பொடி சிறுத்தால் அலையைத் தின்னும், ஆனால் காற்று அதைத் தின்றுவிடும்.

போருக்குப் பிறகு ஹாலந்தில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் ஸ்நூக் என்பவர் ஃபெரைட்டை ஆராய்ந்து 1948இல் ஒரு கணக்கைச் சொன்னார். ஒரு காந்தப் பொருள் எவ்வளவு பலமாக இணங்குமோ, அவ்வளவு சீக்கிரம் வேகமான அலையில் களைத்துப் போகும். இரண்டும் சேர்த்து ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு பொருளின் உச்சக் காந்தத்தைப் பொறுத்தது. ஃபெரைட்டை விட இரும்புக்கு அது நான்கு ஐந்து மடங்கு அதிகம். எனவே ராடார் அலை வேகத்துக்கு உலோகமே சிறந்தது என்று ஆகிறது. ஆனால் அந்த வேகத்தில் அலை இரும்புக்குள் ஒரு மைக்ரான் சுமார்தான் இறங்கும். பருக்கை அதைவிடப் பெரியதென்றால் உள்ளே இருப்பது வீண் எடை. ரேடியோ காயிலுக்குப் போதுமான கார்போனைல் பொடி இங்கே கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது. இன்னும் சிறிய, அதே சமயம் அளவு பிசகாத பொடி வேண்டும்.

அதைச் செய்யும் ஓர் எளிய முறை 1980களில் பிரான்ஸில் வந்தது. பாரிஸில் ஃபியேவே, லாழியே, அமியேன் நகரில் ஃபிக்லார்ஸ் என்ற ரசாயனர்கள் கண்டது. பெயர் 'பொலியோல்' முறை. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. உயர்ந்த அழுத்தம் இல்லை, விஷ வாயு இல்லை. காரின் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்களே, எத்திலீன் கிளைக்கால், அந்த இனிப்புத் திரவத்தில் நிக்கல் அல்லது கோபால்ட் ஹைட்ராக்சைடைக் கலக்கிக் கொதிக்க வைப்பது. 197 டிகிரியில் கொதிக்கும். பச்சையாக இருந்த கலங்கல் சில மணி நேரத்தில் கறுப்பாகும். அடுப்பை நிறுத்திக் காந்தத்தைக் காட்டினால் எல்லாம் ஒரு பக்கமாக ஓடி வரும். கிளைக்காலே கரைப்பான், அதுவே ஆக்சிஜனைப் பறித்து உலோகமாக்குகிறது, அதுவே பருக்கைகளின் மேல் படிந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. ஒரே ஆள் மூன்று வேலை.

பருக்கையின் அளவை எப்படிக் கட்டுப்படுத்துவது? கற்கண்டு செய்வது தெரியுமல்லவா? பாகில் நாலு நூலைத் தொங்கவிட்டு ஆடாமல் வைத்தால் பெரிய கட்டியாக விளையும். பாகைக் கிளறிக்கொண்டே இருந்தால் எங்கும் விதை விழுந்து பொடிச் சர்க்கரையாகும். இங்கே விதையாக, கொதிக்கும் கலவையில் வெள்ளி அல்லது பிளாட்டினம் உப்பு துளியளவு போடுகிறார்கள். அவை முதலில் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிந்து, அவற்றின் மேல் கோபால்ட்டும் நிக்கலும் வளரும். புள்ளி அதிகமானால் உருண்டை சிறிது. இப்படி இரும்பு, கோபால்ட், நிக்கல் கலந்து, மைக்ரான் அளவிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை, வேண்டிய அளவில் செய்தார்கள். மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்.

1990களில் ஃபியேவே குழுவினரும், தூர் நகருக்குப் பக்கத்தில் உள்ள பிரெஞ்சு அணுசக்தித் துறையின் ல ரிபோ ஆய்வு மையத்தினரும் சேர்ந்து இந்த உருண்டைகளை நுண்ணலையில் வைத்துப் பார்த்தார்கள். பெரிய உருண்டைகள் எதிர்பார்த்தபடி ஒரே அகன்ற மேடாக அலையை விழுங்கின. அளவு மைக்ரானுக்குக் கீழே இறங்கியதும் அந்த ஒரு மேடு பல கூர்மையான சிகரங்களாகப் பிரிந்தது. உருண்டை சிறுக்கச் சிறுக்கச் சிகரங்கள் மேலான அதிர்வெண் பக்கம் நகர்ந்தன. இஸ்ரேலைச் சேர்ந்த அஹரோனி என்ற இயற்பியலாளர் 1991இல் காகிதத்தில் போட்ட கணக்கோடு அது ஒத்துப் போயிற்று. சிறிய மணிக்கும் பெரிய மணிக்கும் நாதம் வேறு என்பது போல, உருண்டையின் விட்டத்தைச் சொன்னால் எந்த அலையை விழுங்கும் என்று சொல்லலாம் என்றாகிவிட்டது. இதை அவர்கள் 1997, 98இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகமெங்கும், குறிப்பாகச் சீனாவில், கம்பியாக, தகடாக, கரிக்கூட்டுக்குள் அடைத்த மணியாக என்று செய்து குவிக்கிறார்கள். அவை முழுவதையும் பட்டியல் போட்டால் உங்களுக்கும் அலுக்கும், எனக்கும் அலுக்கும். விமானம், கப்பல் என்ற பழைய வேலை போக, கார் ராடாருக்கும் மின்னணுப் பெட்டிகளுக்குள் ஒன்றின் அலை மற்றொன்றைத் தொந்தரவு செய்யாமல் தடுக்கவும் இவை பயன்படுகின்றன.

இப்போது ஸ்டிக்கர் விஷயம். எங்கள் பென்ஷனர் கூட்டத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். நல்ல பேச்சு. கைப்பேசியின் முதுகில் ஒட்டினால் கதிர்வீச்சு முழுவதையும் 'நானோ காந்தத் துகள்' உறிஞ்சிவிடும், மூளைக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று ஒரு ரூபாய் அகல ஸ்டிக்கரை 500 ரூபாய்க்கு விற்றார். கையிலே பேஸ்மேக்கர் சீட்டோடு வந்திருந்த ஒரு அம்மா இரண்டு வாங்கினார்கள். மேலே எழுதியதை எல்லாம் படித்த உங்களுக்கு இப்போது புரியும். கைப்பேசி அலை 15 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. அதைப் பிடிக்க வெஷ் பாய்க்கே எட்டு மில்லிமீட்டர் தேவைப்பட்டிருக்கும்போது, தாள் கனத்தில் ஒரு பொட்டு என்ன செய்யும்? அலை அந்தப் பொட்டு வழியாக மட்டும் வெளியே வருவதில்லை, நாலா பக்கமும் போகிறது. ஒரு பேச்சுக்கு அது முழுவதும் தடுத்தது என்றே வைத்துக்கொள்வோம், கோபுரத்தோடு தொடர்பு அறுந்துவிடும். அரைகுறையாகத் தடுத்தால் கைப்பேசி தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தும், பாட்டரியும் சீக்கிரம் தீரும்.

நான் அந்த அம்மாவிடம் ஒரு ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பேஸ்மேக்கர் இருப்பதால் அவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அலமாரிக் கதவின் பழைய காந்தத்தைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். இரும்போ கோபால்ட்டோ நிக்கலோ பொடியாக எவ்வளவு சிறுத்தாலும் காந்தத்துக்கு ஓடி வர வேண்டும். ஸ்டிக்கர் அசையவில்லை. தங்க நிறத் தாளில் அச்சடித்த தாமரைப் பூ, பின்னால் பசை. அந்த இளைஞர் கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டால் இப்போது மணி மட்டும் அடிக்கிறது.